நான்காம் வம்சத்தின் மூன்று ஆண்கள்

அந்த ஒரு வாரத்தில் மட்டும் மூன்று முறை வாலாஜாபாத் போய் வந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் போவது, முதலில் கிளம்பும் வண்டியில் ஏறுவது, இறங்கி ஒரு டீ குடிப்பது, அடுத்த வண்டியில் திரும்புவது. வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் முறை டீக்கடைக்காரர், "இன்னாம்மா, ரைஸ் மில்லுல வேலைக்கு சேந்துட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். யோசிக்காமலே பொய் வந்துவிட்டது. சாதாரண நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பும் வண்டியில் ஏறினேன்.

என் தொழில் பட்டுப்புழுவின் முட்டையில் ஊசி குத்துவது. இப்படிச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள், விரிவாகச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். கடுகைவிடச் சிறிய முட்டை. பெண் பூச்சி இட்டுச் சில மணி நேரத்துக்குள் அதன் ஓட்டில் ஒரு துளை போட வேண்டும். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயால் வெளியிலிருந்து ஒரு மரபணுவை உள்ளே செலுத்தி, துளையைப் பசையால் அடைக்க வேண்டும். பெரும்பாலான முட்டைகள் செத்துப்போகும். பிழைத்தவற்றிலும் மிகச் சிலவற்றில்தான் மரபணு போய் ஒட்டியிருக்கும். ஒட்டியதைக் கண்டுபிடிக்க, அதோடு ஒரு அடையாளமும் சேர்த்து அனுப்புவோம். அடுத்த தலைமுறை முட்டைகளை நுண்ணோக்கியில் நீல வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே சுருண்டிருக்கும் புழுவின் கண்கள் பச்சையாக ஒளிரும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வராந்தாவில் இரண்டு சுற்று ஓடினேன். எனக்கு உட்கார்ந்து சந்தோஷப்படவும் தெரியாது.

நாங்கள் செலுத்திய மரபணு பால் நோய்க்கு எதிரானது. பட்டுப்புழுவுக்கு வரும் வைரஸ் நோய் அது. புழு வீங்கி, தோல் கிழிந்து, பால்போல ஒழுகிச் சாகும். ஒரு கொட்டகையில் புகுந்தால் விவசாயி ஒரு பருவத்து உழைப்பை வாரிக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். அந்த நோய் தாக்காத புழுவை உண்டாக்குவதுதான் பெங்களூருக்கு வெளியே உள்ள எங்கள் ஆய்வகத்தின் ஆறு வருஷக் கனவு. கனவு ஆய்வகத்துடையது, கை என்னுடையது.

நெசவாளர் வீட்டுப் பெண் பட்டுப்புழு ஆராய்ச்சிக்குப் போனது எத்தனை பொருத்தம் என்று தெருவில் சொன்னார்கள். ஒரு பொருத்தமும் கிடையாது. எங்கள் தெருவுக்குப் பட்டு நூலாகத்தான் வரும். அண்ணனுக்கு முதன்முதலில் புழுவின் படத்தைக் காட்டினபோது, "சீ, இத எடுத்து அந்தாண்ட வை" என்றான். அப்போது அவன் மடியில் அரக்குப் பட்டு இருந்தது.

ஆனால் அந்த வீட்டிலிருந்து ஒன்றை நான் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். என்னை மாட்டிவிட்டதும் அதுதான்.

தறியில் ஒரு பாவை நுனிவரை நெய்ய மாட்டார்கள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகள். கடைசிச் சேலை முடிந்ததும் கொஞ்சம் மிச்சம் விட்டு அறுப்பார்கள். அந்த மிச்ச நுனிகள் ஒவ்வொன்றிலும் புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். பழைய இழைகள் ஏற்கெனவே சீப்புப் போன்ற அச்சிலும், இழையைத் தூக்கி இறக்கும் விழுதிலும் கோர்த்துக் கிடப்பதால், பிணைத்து இழுத்தால் புதுசும் தானாகக் கோர்த்துக்கொண்டு வந்துவிடும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு நானும் பள்ளி விடுமுறைகளில் பிணைத்திருக்கிறேன். மிச்சமாக ஒரு நுனி கிடந்தால் அதில் அடுத்ததைச் சேர்த்தே ஆக வேண்டும், வெறுமனே விடக் கூடாது. இதை யாரும் எனக்குப் பாடமாகச் சொன்னதில்லை. விரலுக்கு அது தெரியும், அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் சட்டம் நேர்மாறு. ஒளிரும் கண்ணோடு பிறந்த ஒவ்வொரு புழுவின் சந்ததியையும் தனித்தனியாக வளர்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மரபணு வெவ்வேறு இடத்தில் ஒட்டியிருக்கும். எது எங்கே ஒட்டியது, எது பலன் தருகிறது என்பதே கேள்வி. ஒவ்வொரு சந்ததிக்கும் ஓர் எண் உண்டு. மற்றவர்கள் லைன் என்பார்கள், நான் மனதுக்குள் வம்சம் என்றுதான் சொல்லிக்கொள்வேன். ஒரு வம்சம் நொடித்துப்போனால் நோட்டில் "முடிந்தது" என்று எழுதிவிட்டு மூடிவிட வேண்டும்.

ஒன்பதாம் வம்சம் திடகாத்திரமானது, எல்லோருக்கும் செல்லம். நான்காம் வம்சம் நோஞ்சான், வைரஸ் கொடுத்துச் சோதிக்கும் அளவுக்கு அதில் புழுவே தேறியதில்லை. ஐந்தாம் தலைமுறையில் அதில் மிஞ்சியது மூன்று ஆண் பூச்சிகள் மட்டும். அதே காலையில் ஒன்பதாம் வம்சத்தில் மூன்று பெண் பூச்சிகள் ஜோடி இல்லாமல் காத்திருந்தன. பட்டுப்பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. பெண்ணின் வாசனை வந்தால் ஆண், சிறகை அடித்துக்கொண்டு இடத்திலேயே சுற்றும். அந்த மூன்றும் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தன. மிச்சத்தை வெறுமனே விட எனக்குக் கை வரவில்லை. எடுத்துச் சேர்த்துவிட்டேன். படித்த படிப்பு மூளையில் இருந்தது, கை வேறு இடத்தில் படித்திருந்தது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த முட்டைகளைத் தனியாக எடுத்துவைத்து, பிறகு அழித்துவிடலாம் என்றிருந்தேன். மறுவாரம் வேலை நெருக்கடியில் ஒன்பதின் முட்டைகளோடு ஒரே தட்டில் போய்விட்டன. நோட்டில் "ஒன்பது" என்று எழுதினேன். பொய் எழுதும்போது என் கையெழுத்து அழகாக வருகிறது என்பதைப் பிறகு அந்தப் பக்கத்தைப் புரட்டியபோது கண்டுபிடித்தேன்.

ஏழாம் தலைமுறையில் வைரஸ் தடவிய இலையைக் கொடுத்தோம். பெரும்பாலான புழுக்கள் சாகவில்லை. ஆய்வகமே கூத்தாடியது. மூன்றாம் தலைமுறையில் இதே ஒன்பது சுமாராகத்தான் தாங்கியது. தலைமுறை போகப்போக மரபணு நிலைபெற்றுவிட்டது என்று மேடம் விளக்கம் சொன்னார். மேடம் என்றால் எங்கள் ஆய்வகத் தலைவர். நான் தலையாட்டினேன். கட்டுரை எழுதி அனுப்பினோம். அது வெளியாகிவிட்டால் என் வேலை நிரந்தரம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. கட்டுரையைப் பரிசீலித்தவர்களில் ஒருவர், இப்போது வளரும் தலைமுறையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, மரபணு ஒரே இடத்தில்தான் ஒட்டியிருக்கிறது என்று மறுபடி காட்டுங்கள் என்று கேட்டிருந்தார். எடுத்துப் பார்த்தால் ஓரிடம் வராது, இரண்டு வரும். ஆனால் உறைபெட்டியில் மூன்றாம் தலைமுறையின் டிஎன்ஏ ஒரு சின்னக் குப்பியில் பத்திரமாக இருந்தது. கலப்பதற்கு முந்தைய, சுத்தமான ஒன்பது. அதை எடுத்துச் சோதித்து, தலைமுறை எண்ணை மாற்றிப் போட்டால் முடிந்தது வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போக வேண்டும். நான் நான்கு நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்கு ஓடி வந்துவிட்டேன்.

ஊரில் வீடு முழுக்கப் பாவு. அண்ணி புதுப் பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். நான் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"இன்னாத்துக்கு இப்படி நடந்துக்கினே இருக்கிற? இழைல காலு பட்டுடும், ஒரு எடமா குந்து" என்றாள் அண்ணி.

உட்கார்ந்தேன். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. இரண்டு வம்சம், மூன்று ஆண்கள், நோட்டு, குப்பி எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணி ஓர் இழைகூடத் தவறாமல் முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"புழு செத்துடுச்சா?"

"இல்ல அண்ணி. பொழச்சிக்கினு இருக்குது."

"அப்ப நீ இன்னாத்துக்கு சாவுற?"

"எந்த வம்சத்தால பொழைக்குதுன்னு தெரியாது. நான் ஒண்ணோட பேர எழுதி வெச்சிருக்கேன்."

"த பாரு, நான் கூடத்தான் இன்னிக்கு நாலு எடத்துல இழைய மாத்திப் பிணைச்சிருப்பேன். அந்த எடம் சேலைல வராது. பின்னாடி போயிடும். யாரு பாக்கப் போறாங்க?"

அண்ணன் தறிப் பலகையிலிருந்தே குரல் கொடுத்தான். "பர்மனென்ட் ஆவுற நேரத்துல உனக்கு வாயி சும்மா இருக்காதா? தானா போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்காதே."

இரண்டு பேரும் என் நன்மைக்குத்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை, தறிக்கு. எனக்கோ ஆத்திரமாக வந்தது. அண்ணி மாற்றிப் பிணைத்தது வெளியே தெரியாமல் பின்னால் போய்விடும். நான் மாற்றிப் பிணைத்தது பிள்ளை பெற்றுக்கொண்டே இருக்கும். இதைச் சொன்னால், "ரொம்பத்தான் படிச்சிட்ட" என்பாள். சொல்லாமல் அண்ணனுடைய ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாலாஜாபாத் பக்கம் போனால் டீக்கடைக்காரர் மில்லில் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார். மேற்கே திருப்பினேன்.

தாமல் ஏரிக்கரையில் நிறுத்தியபோது பதினொரு மணி வெயில். ஏரியில் பாதித் தண்ணீர். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் அங்கேயும் கேட்டது. மேடத்தின் எண்ணை அழுத்துவதும் முதல் மணியிலேயே வைத்துவிடுவதுமாக நான்கு தடவை. ஐந்தாம் தடவை அவரே கூப்பிட்டுவிட்டார்.

"என்னம்மா, மிஸ்டு காலா வருது? ரிசல்ட் எடுத்தாச்சா?"

"மேடம், ஒன்பது இப்ப ஒன்பது இல்ல. ஐந்தாம் தலைமுறையில நான்கைக் கலந்துட்டேன். வேணும்னேதான். நோட்டுல எழுதல."

லாரிச் சத்தத்துக்கு நடுவே போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அஞ்சுக்கு அப்புறம் எடுத்த எல்லா டேட்டாவும்?"

"எல்லாம்தான், மேடம்."

"பழைய டிஎன்ஏ ஃப்ரீசர்ல இருக்கு. அதைப் போட்டிருந்தா எனக்குக்கூடத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும், மேடம்."

"தெரிஞ்சும் சொல்ற."

"சொல்லாம இருக்க முடியல, மேடம்."

"எனக்கு இப்ப உன் மேல கெட்ட கோபம் வருது. ஏதாவது சொல்லிடுவேன். நாளைக்கு லேபுக்கு வா" என்று வைத்துவிட்டார். பாரம் இறங்கும் என்று சொல்வார்களே, ஒன்றும் இறங்கவில்லை. ஸ்கூட்டியின் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். அவ்வழியாக ஆடு ஓட்டிப்போன ஒருவர், வண்டி ரிப்பேரா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். நிரந்தர இடம் வேறொருவருக்குப் போனது. அண்ணன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மேடம் எனக்கு ஒரு வருஷம் மட்டும் நீட்டிப்பு வாங்கித் தந்து, "நீ முடிஞ்ச முடிச்சை நீயே அவிழ்" என்றார்.

அவிழ்க்க முடிந்தது. கலந்த கூட்டத்தை ஜோடி ஜோடியாகப் பிரித்தேன். முட்டையிட்ட பிறகு ஒவ்வொரு பூச்சியின் காலையும் வெட்டி டிஎன்ஏ பார்த்தேன். ஒன்பதின் இடத்தில் மட்டும் மரபணு உள்ளவை ஒரு பக்கம், நான்கின் இடத்தில் மட்டும் உள்ளவை மறு பக்கம். தலைமுறை தலைமுறையாக இதே வேலை. ஆய்வகத்தில் யாரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் இரண்டுக்கும் வைரஸ் தடவிய இலையைக் கொடுத்தேன். எல்லோரும் ஒன்பதைத்தான் நம்பினோம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒன்பதுதான் பிழைக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். பிழைத்தால் என் தப்பு யாருக்கும் கெடுதல் செய்யாத தப்பாகிவிடும். கட்டுரையில் போட்ட எண் சரியாகவே இருந்திருக்கும்.

ஆறாம் நாள் காலை ஒன்பதின் தட்டைத் திறந்தேன். முக்கால்வாசிப் புழுக்கள் வீங்கி வெடித்துக் கிடந்தன. இலை முழுக்கப் பால். பக்கத்துத் தட்டில் நான்காம் வம்சம், அந்த நோஞ்சான்களின் வாரிசுகள், தலை தூக்காமல் இலை தின்றுகொண்டிருந்தன.

மேடம் வந்து இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்ம பேப்பர் வந்திருந்தா, ஒன்பதைத்தானே பெருக்கியிருப்போம்?" என்றார்.

"ஆமாம் மேடம். குப்பியில இருக்கிற டிஎன்ஏல மரபணு எந்த இடத்துல ஒட்டியிருக்கோ, அதே இடத்துல ஒட்டின புழுவை மட்டும்தான். மத்ததை அழிச்சிருப்போம்."

அந்தக் குப்பியைச் சோதித்து முடிவை நான் அனுப்பியிருந்தால், என் பெயர் போட்ட ஒன்பதின் முட்டைகள் இந்நேரம் யாரோ ஒருவருடைய கொட்டகைக்குப் போயிருக்கும். அவர் அதை நம்பி ஒரு மாதம் இலை வெட்டிப்போட்டிருப்பார். பிறகு ஒரு காலையில், என்னைப்போலவே, தட்டைத் திறந்திருப்பார்.