மாப்பிள்ளையின் புகார்ப் பட்டியல்

சொல்கிறேன், கேளுங்கள், அம்பாள் சன்னதியில் நெய்விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது யாருக்கும் அப்படி ஒரு செய்தி வரக்கூடாது. அண்ணன் மகள் பொன்னிதான் போன் செய்தாள். "அத்தை, அவங்க எந்திரிக்க மாட்டேங்கிறாங்க" என்றாள். நான் தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் அவள் கணவரை, எங்கள் மாப்பிள்ளை செந்தில்நாதனை, கூடத்தில் கிடத்திவிட்டார்கள். நெஞ்சுவலி. நாற்பத்திரண்டு வயது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருந்துக்கடைகளில் ஓடும் ஒரு மென்பொருளில் வரும் பிழைகளைத் திருத்துவது அவர் வேலை. கம்பெனி சென்னையில், அவர் வீட்டிலிருந்தே பார்த்தார். எந்த ஊர்க் கடையில் எது நின்றாலும் மெயில், வாட்ஸ்அப், போன் என்று திட்டு வரும். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்று தன் உபயோகத்துக்கென்றே ஒரு சின்ன புரோகிராம் எழுதிக்கொண்டார். புகாரெல்லாம் அதில் வரிசையாக நிற்கும். அவசரமானது சிவப்பு, பொறுக்கக்கூடியது சாம்பல். ஒரு பிழையைத் தானே மறுபடி வரவைத்துப் பார்த்த பிறகுதான் அதில் கை வைப்பார். வரவில்லையென்றால் அது சாம்பலுக்குப் போய்விடும்.

"அடுத்தவங்க குறையவே சேத்து வைக்கிறீங்களே மாப்பிள்ளை, நல்லதா ஒண்ணும் வராதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லா ஓடுறத யாரு அத்தை எழுதி அனுப்புறா?"

"அப்ப நான் அம்பாள்கிட்ட சொல்றதையும் இதுல போட்டுடுங்க."

"அதெல்லாம் ஒரே புகார்தான் அத்தை. திரும்பத் திரும்ப வருது. ஒண்ணாச் சேத்துடுவேன்" என்று சிரித்தார்.

பிறகு நிஜமாகவே என் குறை ஒன்று அதில் ஏறியது. மாமனார் காலத்திலிருந்து நாங்கள் குத்தகைக்குப் பயிர் செய்யும் கோயில் நிலம் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது எங்கள் பெயர் போய், கட்சிக்காரர் ஒருவருடைய பெயர் வந்துவிட்டது. ஆட்சி மாறினால் சரியாகும் என்றார்கள். ஆட்சி மாறியது. அவரும் கட்சி மாறிக்கொண்டார்.

மாப்பிள்ளை என்னை எதிரில் உட்காரவைத்து, கடைக்காரர்களைக் கேட்பது போலவே கேட்டார். "என்ன செஞ்சீங்க, என்ன ஆச்சு, ரெண்டையும் சொல்லுங்க அத்தை."

"நான் என்னத்த செஞ்சேன்? நட்டேன், அறுத்தேன். கம்ப்யூட்டர் வந்துச்சு, பேரு போச்சு."

அப்படியே டைப் அடித்தார். சிவப்பில் போட்டார். லீவு கிடைத்த நாளெல்லாம் என்னை பைக்கில் உட்காரவைத்து அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். "சிஸ்டத்துல உங்க பேரு இல்லம்மா" என்று ஒரு கிளார்க் சொன்னபோது, "இல்லங்கிறதுதான் சார் புகாரே" என்றார். கிளார்க் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பொன்னி லேப்டாப்பைத் திறந்தாள். முதல் வரி என் நிலம். எல்லாவற்றுக்கும் அடியில், சாம்பலில், அவர் தன்னைப் பற்றியே எழுதிக்கொண்ட புகார்: "படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை கடுப்பு. மறுபடி ஏறிப் பார்த்தேன், வரவில்லை. அத்தை வேலை முடியட்டும், பார்க்கலாம்."

"ஏறிப் பாத்திருக்காங்க அத்தை," என்றாள் பொன்னி. "எங்கிட்ட சொல்லல. ஏறிப் பாத்திருக்காங்க."

நிலமும் வரவில்லை. இந்தக் குறுவைச் சாகுபடிக்கு அந்தக் கட்சிக்காரரின் டிராக்டர் இறங்கிவிட்டது. கோயிலுக்குப் போகிறேன், விளக்கு ஏற்றுகிறேன், எதைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். போய் வாருங்கள் மாப்பிள்ளை. என் பேச்சைப் பாதியில் வெட்டாமல் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. கடைசியாகத் தாலுகா அலுவலகம் போனோமே, அன்று மாடிப்படியில் பாதியில் நின்று நெஞ்சைத் தடவினார். நான்தான் பையிலிருந்து ஓமத்தை எடுத்துக் கொடுத்து, "வாயுதான் மாப்பிள்ளை, மென்னுகிட்டே ஏறுங்க, ஆபீசர் கெளம்பிடப் போறாரு" என்றேன். மென்றுகொண்டே ஏறினார்.