‘மற்றவை’ கல்லூரியில் படித்தவர்

அவருக்கு அலுவலகத்தில் ‘கட்டம்’ என்று பெயர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. பெரிய கன்சல்டிங் நிறுவனம் ஒன்றின் ஏழாவது மாடியில், சன்னல் இல்லாத அறையில், பதினொரு வருடமாகக் கட்டம் போடுகிறார். அதாவது, கோட்டு மாட்டிய கன்சல்டன்ட் பிள்ளைகள் கோழி கிளறியது போலக் கிறுக்கித் தருவதைக் கட்டமும் அம்புக்குறியுமாக ஸ்லைடில் ஏற்றுவார். அதைக் காட்டித்தான் நிறுவனம் ஊர் முதலாளிகளுக்குப் புத்தி சொல்கிறது.

கிறுக்கலில் புத்திக்குறைவு தெரிந்தால் அவர் வாய் திறக்கமாட்டார். ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துவார்கள். பிறகு கூட்டத்தில், “ஆழமா ஆராய்ஞ்சதுல ஒண்ணு தெரிய வந்தது” என்று ஆரம்பிப்பார்கள். ஆராய்ந்தவர் பின்வரிசையில் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பார்.

அவருக்கும் மூளை இருந்தது, மார்க்கும் இருந்தது. பதினெட்டு வயதில் பெரிய கல்லூரி ஒன்றிலிருந்து இடம் தருவதாகக் கடிதமே வந்தது. மாமாதான் குறுக்கே விழுந்தார்.

“அவ்வளவு தூரம் போயி ஹாஸ்டல்ல எதுக்குடா காயணும்? இந்தக் காலேஜ் பஸ் நம்ம தெருமுனைக்கே வருது. புஸ்தகம் எல்லா இடத்துலயும் ஒண்ணுதானே?”

மாமா பொய் சொல்லவில்லை. புத்தகம் ஒன்றுதான். வேலைக்கு எடுக்கிறவன் அட்டையை மட்டும் பார்ப்பான் என்பது மாமாவுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இப்படியாக ஒரு மனிதனின் தலையெழுத்தை ஒரு பஸ் நிறுத்தம் எழுதியது.

இந்த நிறுவனம் கன்சல்டன்ட் வேலைக்கு ஐந்து கல்லூரிகளில் மட்டும் ஆள் பிடிக்கும். விண்ணப்பத்தில் கல்லூரி என்ற இடத்தைத் தட்டினால் ஐந்து பெயர்கள் விழும். ஆறாவதாக ‘மற்றவை’. உலகத்தில் மீதமுள்ள அத்தனை கல்லூரியும், அத்தனை வாத்தியாரும், அத்தனை பெஞ்சும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

போன வருடம் திடீரென்று நிறுவனத்துக்கு ஞானம் பிறந்தது. உள்ளே வேலை செய்கிறவர்களும் கன்சல்டன்ட் இடத்துக்கு விண்ணப்பிக்கலாம், திறமைக்கு மட்டுமே மதிப்பு என்று சுற்றறிக்கை வந்தது. அந்தச் சுற்றறிக்கைக்கும் கட்டம் போட்டது அவர்தான்.

“போட்டுப் பாருங்களேன்” என்றாள் மனைவி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே. “உங்க பென்சிலை வெச்சுத்தானே அங்க பாதிப் பேரு நல்ல பேரு வாங்கறாங்க.”

“நாப்பதை நெருங்கறேன். சிரிப்பாங்க.”

“சிரிச்சா சிரிக்கட்டும். தினம் வந்து எங்கிட்ட பொருமறதுக்கு ஒருநாள் அவங்ககிட்ட போயி கேட்டுட்டு வாங்க. ஒண்ணு, உள்ள போகணும். இல்ல, பொருமறதை நிறுத்தணும். ரெண்டுல எதுன்னாலும் எனக்கு நிம்மதி.”

போட்டார். ‘மற்றவை’யைத் தட்டும்போது விரல் கொஞ்சம் கூசியது.

நேர்முகத்துக்குப் பெரியவர் வந்திருந்தார். நிறுவனத்தின் பங்குதாரர், வழுக்கையில் மிஞ்சிய முடியும் கருணையும் ஒரே அளவில் உள்ளவர். பக்கத்தில் மேனேஜர். ஐந்தில் முதல் கல்லூரி, முப்பது வயது, கட்டத்தைத் ‘தலைவா’ என்று கூப்பிட்டுத்தான் வேலை ஏவுவான். கையில் ஓடுகிற வேலையையே கேள்வியாகக் கேட்பது அங்கே வழக்கம். ஓசியில் பத்து மூளை கிடைக்கிறதே!

“ஒரு முதலாளிக்குப் பதினாலு சலவைக்கடை” என்றான் மேனேஜர். “பாலத்தடிக் கடை மட்டும் மத்ததைவிட நாலு மடங்கு கரண்ட்டு, தண்ணி, சோப்பு சாப்பிடுது. வரவு மத்த கடை மாதிரிதான். மூடலாமா, வேணாமா?”

“அங்க யாரு துணியைத் துவைக்கறாங்க?” என்றார் கட்டம். “சரியா நாலு மடங்குன்னா, இன்னும் மூணு கடைத் துணி அங்க வருதோ என்னமோ. செலவு ஒரு கடை தலையில, வரவு நாலு கடைக் கல்லாவுல. அதைப் பாத்துட்டுத்தான் மூடறதைப் பத்திப் பேசணும்.”

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர், “ஓகே தலைவா” என்று புன்னகைத்தான்.

மறுநாள் காலை அந்தச் சன்னல் இல்லாத அறைக்கு ஒரு கோப்பு வந்தது. ‘நேர்முக முடிவுகள். மதியத்துக்குள் அழகுபடுத்தித் தரவும்.’ யார் கையில் போய்ச் சேரும் என்று யோசிக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட மரியாதை என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது வரிசையில் ஒரு புதுப் பையன், ஐந்தில் இரண்டாம் கல்லூரி. பதில்: ‘இன்னும் விவரம் வேண்டும் என்றார்.’ குறிப்பு: ‘ஆழமான ஆர்வம். தேர்வு.’ ஒன்பதாவது வரிசையில் அவர். பதில்: ‘யார் துணி என்று கேட்டார்.’ குறிப்பு: ‘நேராகப் பதில் சொல்லத் தெரியவில்லை. குழப்பம். நம் சூழலுக்குப் பொருந்தமாட்டார்.’

பதினொரு வருடமாக இவர்கள் எச்சிலைத் துடைத்து மேசைமேல் வைத்த கை இது என்று விரல்களைப் பார்த்தார். அதே விரல்கள், தேர்வானவர்களுக்குப் பச்சையும் ஆகாதவர்களுக்குச் சாம்பலும் பூசி, தன் பெயருக்கும் ஒழுங்காகச் சாம்பல் பூசி, பதினொன்றரைக்கே அனுப்பிவைத்தன. தன் மேலேயே அருவருப்பு வந்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் சலவைக்கடைக் கிறுக்கல் வந்தது. பாலத்தடிக் கடையைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் ‘மூடு’. பென்சில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் எடுக்கவில்லை. கிறுக்கியபடியே, ஒரு மயிரிழை பிசகாமல், வட்டம் போட்டுக்கொடுத்தார்.

“சூப்பர் தலைவா, இந்த தடவை கேள்வியே இல்லையே!” என்றான் மேனேஜர்.

“எனக்கு நேராப் பதில் சொல்ல வராதே தம்பி.”

அவனுக்கு உறைக்கவில்லை.

கூட்டத்தில் முதலாளி நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். ஓரத்து நாற்காலியில், பாலத்தடிக் கடையைப் பார்த்துக்கொள்கிற அம்மாள். சோப்பில் ஊறி வெளுத்த விரல்கள். திரையில் சிவப்பு வட்டம் விழுந்ததும் எழுந்துவிட்டார்.

“ஐயா, சந்தைக்கடை, மேட்டுக்கடை, பள்ளிக்கூடத்துக் கடை மூணுலயும் மெஷின் ரிப்பேராகி ரெண்டு வருஷமாச்சு. அந்தத் துணியெல்லாம் எங்கிட்டதானே வருது? எங்களைப் போயி மூடினா பன்னெண்டு பேரு எங்க போவோம்?”

“அக்கா, உட்காருங்க” என்றான் மேனேஜர் இனிக்க இனிக்க. “நாம பேச வேணாம். நம்பர் பேசட்டும்.”

முதலாளி பேனாவைத் திறந்தார். கட்டம் தான் போட்ட சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். தன் ரோஷத்துக்கு இந்த அம்மாள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

“அந்தம்மா சொல்றது சரி சார்” என்றார் பின்வரிசையிலிருந்து. “நாலு கடைச் செலவை ஒரு கடையில எழுதியிருக்கு. பிரிச்சுப் போட்டா, இதுவும் மத்த கடை மாதிரி லாபக் கடைதான்.”

அறையே திரும்பியது. முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க எந்தக் காலேஜ்?”

சொன்னார்.

“கேள்விப்பட்டதில்லையே” என்று முதலாளி மேனேஜர் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?”

மேனேஜர் அரை நொடி விழித்தான். படித்த கல்லூரி அதற்குள் கைகொடுத்துவிட்டது. “அதுக்குத்தான் சார் வரேன். பொதுச்செலவைச் சரியாப் பகிர்ந்து பாத்தா வேற சித்திரம் கிடைக்குது. மூட வேணாங்கறதுதான் எங்க முடிவு.”

“அப்படிச் சொல்லுங்க!” என்று முதலாளி பேனாவை மூடினார். “இதுக்குத்தான் பெரிய காலேஜ் ஆளா வேணுங்கறது.”

பெரியவர் மேனேஜரின் முதுகில் தட்டினார். அம்மாள் மேனேஜரைப் பார்த்தே கும்பிட்டார். கடை பிழைத்தது, பன்னிரண்டு பேரும் பிழைத்தார்கள். அதில் கட்டத்துக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கும்பிடு தன்னைத் தாண்டிப் போனதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

லிப்டில் பெரியவர் அன்பாகச் சொன்னார். “நல்லா ஒத்துழைச்சீங்க. அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போடுங்க, பார்ப்போம்.”

“வேணாம் சார். நாத்தம் தாங்கல.”

“என்ன நாத்தம்?” பெரியவர் லிப்டை மோந்து பார்த்தார். நிஜமாகவே.

கட்டம் ஏழாவது மாடியில் இறங்கி, அறைக்குள் போய், ராஜினாமாவை இரண்டே வரியில் அடித்து அனுப்பினார்.