மல்வேர்னில் இத்தாலியன் சொசேஜ் சமைத்த நாட்கள்

நவம்பர் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்கினேன். இரண்டு பெட்டிகள், ஒரு கம்பளிக் கோட்டு, இருபத்து நான்கு நாள் விடுமுறை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். தம்பி ரவி வந்து நிற்பான் என்று நினைத்திருந்தேன். என் பெயர் எழுதிய மட்டையோடு நின்றது அவனுடன் வேலை செய்யும் சிவா.

"ரவிக்கு ஓவர்டைம் அக்கா. உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவன்."

"அக்கா வாற அண்டைக்குமோ?"

"அவன் எல்லா நாளும் வேலைதான்," என்றார் சிவா. பெட்டிகளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

விமான நிலையத்திலிருந்து ரவி இருக்கும் மல்வேர்னுக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்ததால் ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. அவனுக்கு ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருப்பிடம். பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஒன்பது படி இறங்கவேண்டும். சன்னலால் பார்த்தால் புல்லின் அடியும் போவோர் வருவோரின் சப்பாத்தும் தெரியும். அவனுடைய மனைவி இறந்து இரண்டு வருடம். அதன்பிறகுதான் பெரிய வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்தான்.

அன்று ஏழு மணிக்குத்தான் ரவி வந்தான். மெலிந்திருந்தான். "வந்திட்டீங்களோ அக்கா," என்று கேட்டுவிட்டு, நான் எழும்பிக் கிட்டப் போகுமுன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். நெடுநேரம் தண்ணீர் ஓடியது.

மறுநாள் காலை எழுந்தபோது அவன் வேலைக்குப் போய்விட்டான். குளிர்சாதனப் பெட்டியில் பாணும் முட்டையும் இருந்தன. மேலே உறைபெட்டியைத் திறந்தால் ஒரே மாதிரியான பொதிகள் அடுக்கியிருந்தன. எல்லாம் தோல் நீக்கிய, அரைத்த பன்றி இறைச்சி, இத்தாலியன் சொசேஜ். கடையில் ஒரு பொதி ஆறு டொலர் என்று பிறகு அறிந்தேன். ரவி வேலை செய்யும் தொழிற்சாலையில் செய்யப்படுவது அதுதான். வெள்ளிக்கிழமை தோறும் தொழிலாளருக்கு ஒரு பொதி இலவசம்.

நான் அதுவரை பன்றி இறைச்சி சமைத்ததில்லை. ஆனால் பகல் மிக நீளம். மேல்வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்விடுவார்கள். வெப்பமூட்டி ஓடும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு பொதியை இளகவைத்துப் பிரித்தேன். பெருஞ்சீரகம் மணந்தது. கண் தெரியாதவர் முகர்ந்தால் எங்கள் இறைச்சிக் கறிக்குத் தாளிக்கிறோம் என்றே சொல்வார்.

முதல் முயற்சி பிழையாய்ப் போனது. வழக்கம்போல உப்பும் யாழ்ப்பாணக் கறித்தூளும் போட்டுப் பிரட்டினேன். அந்த இறைச்சி உப்போடும் மிளகோடும் வருவது என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் வைக்க முடியவில்லை. அடுத்த நாள் உப்பும் போடவில்லை, எண்ணெயும் ஊற்றவில்லை. வெறும் சட்டியில் போட்டால் அதன் கொழுப்பே உருகி வருகிறது. அகப்பையால் உதிர்த்து, நன்றாகச் சிவக்கவிட்டு, மேலதிகக் கொழுப்பை வடித்துவிட்டு லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டேன். சோற்றோடு நன்றாக இருந்தது. பிறகு முட்டைக்கோவாவைத் தேங்காய்ப்பூவோடு வறுத்த வறைக்குள் ஒரு பிடி போட்டேன். மிஞ்சிய புட்டை வெங்காயம், பச்சை மிளகாயோடு இதில் போட்டுக் கொத்தினேன். அது இன்னும் நன்றாக இருந்தது. ஒவ்வொரு நாளும் மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை வைத்தேன்.

ரவி ஒரு வாய் தொடவில்லை. பாணைச் சூடாக்கி முட்டையோடு நின்றபடி சாப்பிட்டான். ஏழாம் நாள் கேட்டுவிட்டேன்.

"நான் சமைச்சால் உனக்குப் பிடிக்கேல்லையோ தம்பி?"

"அப்பிடியில்லை அக்கா. நாள் முழுக்க உந்த மணத்துக்குள்ளதான் நிக்கிறன். எவ்வளவு குளிச்சாலும் போகுதில்லை." தன் கைகளைப் பார்த்தான். "நீங்கள் சாப்பிடுங்கோ. எறியாமல் முடியட்டும்."

அதற்குப் பிறகு அவனுக்குப் பருப்பும் கத்தரிக்காயும் வேறாகச் சமைத்தேன். அதையும் கொஞ்சமாகவே சாப்பிட்டான். அதிகாலை வேலை என்பதால் மாலை ஆறரைக்கே படுத்துவிடுவான். அக்கா வந்திருக்கிறேன் என்பதே அந்த வீட்டுக்குத் தெரியாதது போலிருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை விட்பி என்ற ஊருக்குப் போனேன். அங்கே ரவியின் ஒரே மகள் நிரோஜா இருக்கிறாள். வருடத்துக்கு மேலாகத் தகப்பனும் மகளும் போய்வருவதில்லை. ஏன் என்று இருவரும் எனக்குச் சொல்லவில்லை. முந்தின நாள் சொசேஜும் கிழங்கும் வைத்து இருபது ரோல்ஸ் சுருட்டி, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்திருந்தேன்.

"நீயும் வாவன்," என்றேன் ரவியிடம். அன்று அவனுக்கு வேலை இல்லை.

"வழி எழுதித் தாறன் அக்கா," என்றான். எழுதித் தந்துவிட்டுத் திரும்பப் படுத்தான்.

காலை 9.40. பஸ் கட்டணம் மூன்று டொலர் முப்பது சதம். ஷெப்பர்ட் வீதியில் இறங்கி மற்ற பஸ் எடுத்து ரூஜ் ஹில் ரயில் நிலையத்துக்குப் போகவேண்டும். பக்கத்து இருக்கையில் காவலாளி உடுப்போடு ஒரு தமிழர்.

"அன்ரி எங்க போறியள்?"

"விட்பிக்கு. தம்பியின்ர மகள் இருக்கிறா."

"தம்பி வரேல்லையோ?"

"அவருக்கு வேலை."

பொய்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் நாலு கேள்வி வந்திருக்கும்.

ரூஜ் ஹில் நிலையம் ஏரிக்கரையில் இருக்கிறது. கடல் என்றே நினைத்தேன். ஆனால் உப்புக் காற்று இல்லை. மேடையில் ஐந்தாறு பேர் நின்றோம், ஆளுக்கு ஆள் தூரமாக. ரயில் பிக்கரிங், அஜக்ஸ் தாண்டி அரை மணித்தியாலத்துக்குள் விட்பியில் விட்டது. நிரோஜா காரோடு நின்றாள். புதுக் குடியிருப்பு, எல்லா வீடும் ஒரே நிறம். கதவைத் திறந்ததும் ரோல்ஸ் பெட்டியை வாங்கி முகர்ந்தாள். முகம் மாறிவிட்டது.

"இது அப்பாவின்ர மணம், மாமி."

இரண்டு ரோல்ஸ் சாப்பிட்ட பிறகுதான் நடந்ததைச் சொன்னாள். அம்மாவின் ஆண்டுத் திவசத்தன்று ரவி வேலை முடிந்து நேரே இங்கே வந்திருக்கிறான். வீடு நிறைய ஆட்கள்.

"டோரிலேயே வச்சு, அப்பா உடுப்பை மாத்திக்கொண்டு உள்ளே வாங்கோ, மணக்குது எண்டு சொன்னன். எல்லாருக்கும் கேட்டுது. அவர் வாசலாலேயே திரும்பிப் போயிட்டார். எத்தினை தரம் கோல் பண்ணிட்டன், மாமி. எடுத்தா 'வேலை, பிறகு கதைக்கிறன்' எண்டுவார்."

"நீ நேர போகேல்லையோ?"

"வெட்கம்," என்றாள்.

மத்தியானம் அவள் சமைத்தாள். கடையில் வாங்கிய அதே அரைத்த சொசேஜ். உள்ளிப்பூண்டு, தக்காளி, உடைத்த மிளகாய், ஸ்பகெற்றி. எல்லாம் முடிந்து அடுப்பை அணைத்த பிறகு ஒரு பிடி கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு மூடினாள். ரவி பொதி கொண்டுவரும் வெள்ளிக்கிழமைகளில் அம்மா இப்படித்தான் செய்வார் என்றாள். புறப்படும்போது ஒரு பிளாஸ்ரிக் பெட்டி நிறையத் தந்தாள். "நான் தந்தனெண்டு சொல்லாதேங்கோ."

ரயிலில் அந்தப் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். வீடு வரும்வரை சூடு இருந்தது.

ஐந்தரை மணிக்கு அதை ரவி முன்னால் வைத்தேன். தள்ளிவிடுவான் என்றே எதிர்பார்த்தேன். மூடியைத் திறந்தான். ஓர் இலையை விரலால் எடுத்துப் பார்த்தான்.

"கறிவேப்பிலை கடைசியில போட்டிருக்கிறாள்," என்றான்.

முள்ளுக்கரண்டி எடுத்து, கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். பெட்டி காலியானது. பெட்டியைத் தானே கழுவித் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் படுத்தான். அடுத்த நாள் மீண்டும் பாணும் முட்டையும். இனி மாறிவிடுவான் என்று நம்பியிருந்த எனக்குத்தான் அன்று சமைக்க மனம் வரவில்லை.

இருபத்து நான்காம் நாள் விமான நிலையத்துக்கு அவனே கூட்டிப்போனான். வேலைக்கு லீவு சொல்லியிருந்தான். பாதையில் முதல் பனி. வைப்பரைப் போட்டுவிட்டுக் கேட்டான்.

"அக்கா, அத்தார் போய்ப் பதினொரு வருஷம். நீங்கள் எப்பிடித் தனியச் சாப்பிடுறனீங்கள்?" அத்தார் என்றது என் கணவரை.

"பழகிப் போச்சு தம்பி," என்றேன்.

அவன் தலையாட்டினான். பெட்டிகளை இறக்கித் தந்தான். என் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டுக் காரில் ஏறினான். அங்கிருந்து மல்வேர்னுக்கும் விட்பிக்கும் போவது அதே 401தான்.

விமானத்தில் இரண்டு அந்நியர்களுக்கு நடுவில் இருந்து தட்டில் தந்ததைச் சாப்பிட்டபோது, நான் சொன்னது பொய் என்று தெரிந்தது. பதினொரு வருடத்தில் ஒரு நாளும் பழகவில்லை. விழுங்குவதற்குத்தான் பழகியிருக்கிறேன். அவனுக்கு அதைச் சொல்லியிருக்கவேண்டும் என்று கொழும்பு வரும்வரை உறுத்திக்கொண்டிருந்தது.

கொக்குவிலுக்கு வந்த மூன்றாம் நாள் காலை நிரோஜா தொலைபேசி எடுத்தாள்.

"மாமி, உங்களை விட்டிட்டு அப்பா நேர இங்க வந்தவர். என்ர சாப்பாட்டுப் பெட்டியைத் தந்திட்டுப் போறன் எண்டு வெளியில நிண்டார். உள்ள வாங்கோ அப்பா, அப்பிடியே வாங்கோ எண்டன். இருந்து சாப்பிட்டார். பெரிசாக் கதைக்கேல்லை. ஆனா சண்டே வாறனெண்டார்."

இங்கே சன்னல்கள் திறந்திருக்கின்றன. ஒழுங்கையில் மீன்காரரின் ஊதுகுழல் கேட்கிறது, பக்கத்து வீட்டில் பிள்ளைகள் கத்துகிறார்கள். மல்வேர்னில் இல்லாத சத்தமெல்லாம் இங்கே இருக்கிறது. பழகிப் போச்சு என்று நான் சொன்னதை என் தம்பி நம்பவில்லை என்பதை நினைத்தபடி சோற்றைப் போட்டுக்கொண்டு தனியே உட்கார்ந்தேன்.