கிறகரி சேரின் நேர்த்தி

எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் படித்தோம். எழுபத்தெட்டாம் ஆண்டு டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதினோம். கடலும் சண்டையும் கனடாவும் கொண்டுபோனது போக, மன்னார்ப் பக்கம் இப்போது பதினேழு பேர் மிஞ்சியிருக்கிறோம். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை பேசாலையில் எமிலியானுஸ் வீட்டு முற்றத்தில் வருடா வருடம் கூடிச் சாப்பிடுவோம். படித்ததைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் படித்தவர்கள் குறைவு. படிப்பித்தவர்களைப் பற்றித்தான் பேச்சு முழுவதும்.

என் பெயர் சனூன். தச்சு வேலை. வேதக்காரரின் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்த சோனக முஸ்லிம் பெடியன்களில் நானும் ஒருவன். என்னைப் பற்றி ஒரு கதை உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். அதிபர் பாதர் திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் வந்து, நேற்றுப் பூசை வைத்த பாதர் என்ன நிற உடுப்பு உடுத்திருந்தார் என்று கேட்பார். நிறம் சொல்லத் தெரியாதவன் பூசைக்குப் போகாதவன், அவனுக்கு அடி. ஞாயிறு காலையில் நான் வாப்பாவோடு மீன் எடுக்கப் பேசாலைக்குப் போவேன். வழியில் கோயில் வாசலில் எட்டிப் பார்த்து நிறத்தைப் பிடித்துவிடுவேன். ஒரு தோடம்பழ இனிப்புக்கு ஒரு நிறம். பச்சை, வெள்ளை, ஊதா என்று வியாபாரம் நன்றாகத்தான் போனது. ஒரு ஞாயிறு காய்ச்சலில் படுத்துவிட்டேன். திங்கட்கிழமை கேட்டவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் கறுப்பு என்று சொல்லிவிட்டேன். கறுப்பைச் செத்தவீட்டுப் பூசைக்கு மட்டும்தான் உடுப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பதினொரு பேர் எழுந்து நின்று கறுப்பு என்றார்கள். பதினொரு பேரும் அடி வாங்கினார்கள், எமிலியானுஸ் உட்பட. அவன் இன்னும் அந்த இனிப்பைத் திருப்பிக் கேட்கிறான்.

பிறகு சிஸ்டர் பிலோமினாவின் கதை வரும். கிரிக்கெட் மட்ச் அன்று வகுப்பு முழுவதையும் முழங்காலில் நிறுத்திச் செபமாலை சொல்ல வைத்தார். நாங்கள் படுதோல்வி. மறுநாள் சிஸ்டர் முகம் மாறாமல் விளக்கம் சொன்னார்: மற்றப் பள்ளிக்கூடம் நமக்கு முதலே செபமாலையைத் தொடங்கிவிட்டதாம்.

இப்படியே போய்க் கடைசியில் எங்களோடு படித்த அருளம்மாவின் கதையில் வந்து நிற்கும். அதைச் சொல்லுகிற உரிமை எமிலியானுசுக்கு. ஒரு தென்னம் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, கணக்குப் படிப்பித்த கிறகரி சேராக மாறிவிடுவான். நடந்தது இவ்வளவுதான். கிறகரி சேர் கரும்பலகையில் ஒரு முக்கோணி கீறி, இரண்டு பக்கம் சமன், ஆகவே அடியில் உள்ள இரண்டு கோணமும் சமன் என்று நிறுவச் சொல்லி அருளம்மாவை எழுப்பினார். அவள் பலகையை நன்றாகப் பார்த்தாள். “பார்த்தாலே தெரியுதுதானே சேர். இதை ஏன் நிறுவ வேணும்?” என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. கிறகரி சேருக்கு அப்போது முப்பது வயது, கோபம் மூக்கு நுனியில். பலகையில் கோடு கீறுகிற பெரிய மர மூலைமட்டத்தைத் தூக்கித் தோளில் வைத்தார். “நீ கணக்குப் பாஸ் பண்ணினா, மடு மாதா சாட்சி, இந்த மூலைமட்டத்தைத் தோளில வைச்சுக்கொண்டு பேசாலையில இருந்து மடுவுக்கு நடப்பன்” என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பேசாலையில் மாதாவின் பெயரைச் சொல்லிப் பகிடி விடமாட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், வள்ளம் திரும்பவில்லை என்றால்தான் மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைப்பார்கள். வைத்தால் கால் தேயத் தேய நடந்து தீர்ப்பார்கள். மனுசன் வாய் தவறி ஒரு நேர்த்தி வைத்துவிட்டார் என்பது எனக்கே விளங்கியது. அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும், மூலைமட்டத்தை மெல்ல இறக்கி வைத்தார். ஆனால் அருளம்மா கணக்கில் பெயில் விட்டாள். சேர் தப்பினார்.

எமிலியானுஸ் அந்த இடத்தில் தென்னம் மட்டையைக் கீழே போட்டு, சேர் மாதாவுக்கு நன்றி சொல்லிக் கும்பிடுவது போலக் கும்பிடுவான். எல்லோரும் வயிறு நோகச் சிரிப்போம். அருளம்மாவும் சிரிப்பாள். இடையில் சண்டை எங்களைச் சிதறடித்த வருடங்கள் போக, கூடிய போதெல்லாம் இந்தக் கதைதான்.

அந்தக் கணக்குப் பாடம் அவளுக்கு என்ன செய்தது என்று நாங்கள் ஒருவரும் யோசித்ததில்லை. அவள் தாதியாகப் போக ஆசைப்பட்டவள். கணக்கு இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. தகப்பன் கடலில் போனபிறகு தாயோடு சேர்ந்து கருவாடு போட்டாள். சந்தியோகுவைக் கட்டினாள், நல்ல மனுசன், பேச்சுத்தான் இல்லை. தொண்ணூறில் வள்ளத்தில் இந்தியாவுக்கு ஓடி, மண்டபம் முகாமில் பதின்மூன்று வருடம் இருந்து, திரும்பி வந்து அதே கடற்கரையில் அதே கருவாட்டைப் போட்டாள். மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தாள். எத்தனை அந்தர் பாரை மீனுக்கு எத்தனை மூட்டை உப்பு என்று கேட்டால் கண் இமைக்குமுன் சொல்லுவாள். அப்படிப்பட்டவளைத்தான் நாங்கள் கணக்குத் தெரியாதவள் என்று சிரித்துக்கொண்டிருந்தோம். நானும்தான் சிரித்தேன்.

ஒரு வருடம் சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போடும்போது அவள் கிணற்றடியில் பீங்கான் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கை கழுவப் போனேன். நிமிராமலே கேட்டாள்: “சனூன், நான் செத்த வீட்டிலையும் இந்தக் கதையைத்தான் சொல்லிச் சிரிப்பீங்கள், என்ன?”

கழுவிய கையையே மறுபடி கழுவினேன். வெட்கமாக இருந்தது.

“கதையின்ர முடிவை மாத்தப் போறன்” என்றாள். “ஒருத்தருக்கும் சொல்லாத.”

அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மகளின் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு தொடங்கினாள். கருவாடு காயும் நேரத்தில் மீன் அடைக்கிற றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியின் மூடியில் மார்க்கர் பேனையால் முக்கோணி கீறுவாள். சந்தியோகு அதைத் தெரியாமல் ஐஸ் போட்டு மூடி மன்னாருக்கு ஏற்றிவிட, மீன் வாடிக்காரர் போன் எடுத்து இது என்ன புது அடையாளம் என்று கேட்டாராம். கணக்கெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நிறுவுகிற கேள்விதான் நெடுநாள் அவளோடு மல்லுக்கட்டியது. கண்ணுக்குத் தெரிகிறதை ஏன் எழுத வேண்டும் என்கிற கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

முதல்முறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதப் போன அன்று, பரீட்சை மண்டப வாசலில் நின்ற இளம் ஆசிரியை அவளை மறித்து, தாய்மார் வெளியில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அருளம்மா அனுமதி அட்டையைக் காட்டியபிறகு அந்தப் பிள்ளை கதிரை எடுத்துக் கொடுத்ததாம். அந்த முறை டபிள்யு. பெயில். என்னிடம் மட்டும் வந்து சொன்னாள். அழவில்லை, திட்டினாள், முக்கோணியை, கிறகரி சேரை, என்னையும் சேர்த்துத் திட்டினாள். அடுத்த டிசம்பர் மறுபடியும் போய் உட்கார்ந்தாள்.

பங்குனி கடைசியில் ஒரு காலை என் பட்டறைக்கு வந்தாள். மகளின் போனை நீட்டினாள். கணக்குக்கு நேரே சி என்று இருந்தது. திறமைச் சித்தி. நான் கையில் இருந்த சீவுளியை வைத்துவிட்டு அவளைக் கதிரையில் இருத்தினேன். அவள் இரண்டு காரியம் கேட்டாள். ஒன்று, அடம்பனில் இருக்கும் கிறகரி சேரை இந்த முறை கூடலுக்கு அழைத்து வர வேண்டும். மற்றது, மரத்தில் ஒரு மூலைமட்டம், அந்தக் காலத்து அளவில். அளவு எனக்கு நினைவிருந்தது. என் முதுகில் எத்தனையோ தடவை பட்ட சாமான் அது. வேப்பம் பலகையில் செய்தேன். முதிரையில் செய்திருந்தால் இன்னும் பாரமாக இருந்திருக்கும், ஆனால் முதிரை கிடைக்கவில்லை.

கிறகரி சேருக்கு அறுபத்தொன்பது வயது. சீனி வருத்தம். வெள்ளைச் சாரமும் சேட்டுமாக வந்து நடுக் கதிரையில் இருந்தார். எல்லாக் கதைகளையும் கேட்டுச் சிரித்தார். எமிலியானுஸ் தென்னம் மட்டையைக் கையில் எடுத்தபோது மட்டும் சற்று நெளிந்தார். எமிலியானுசுக்கு முன்னால் அந்த ஆளே இருக்கிற உற்சாகம். கோபப்பட்டான், சத்தியம் பண்ணினான், மட்டையைக் கீழே போட்டுக் கும்பிடக் கை எடுத்தான்.

அருளம்மா எழுந்தாள். “நில் எமிலி. முடிவை நான் சொல்லுறன்.”

பொலித்தீன் உறையில் இருந்து பெறுபேற்றுத் தாளை எடுத்துச் சேரின் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். பெயரைப் பார்த்தார், சுட்டெண்ணைப் பார்த்தார், ஆண்டைப் பார்த்தார். விசயம் விளங்கியதும் எமிலியானுஸ் மட்டையை மெதுவாக வேலியோரம் சாத்தினான்.

பிறகு ஒரே வழக்காடல். கோபத்தில் சொன்னது நேர்த்தியாகாது என்றார் ஒருவர். அப்போது பாஸ் பண்ணினால்தான் கணக்கு என்றார் இன்னொருவர். சேர் தவணை ஒன்றும் சொல்லவில்லையே என்று எமிலியானுஸ் கட்சி மாறி வாதாடினான். சேரை வாகனத்தில் ஏற்றிப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தால் போதும் என்று இரக்கப்பட்டவர்களும் உண்டு. அருளம்மா சேரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். “மாதாவின்ர பேரில சொன்னனான். நடக்கத்தான் வேணும்” என்றார். பிறகு ஒரு வழி கிடைத்தது போல, “ஆனா அந்த மூலைமட்டம் இப்ப எங்க இருக்கப் போகுது?” என்றார்.

நான் போய் என் சின்னப் பட்டா லொறியில் இருந்து எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். கிறகரி சேர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மௌத்தாகும்வரை மறக்கமாட்டேன்.

ஜூலை இரண்டாம் தேதித் திருவிழாவுக்குப் போகிற கூட்டத்தோடு, மூன்று நாள் முந்தி, விடியற்காலைப் பூசை முடிந்து பேசாலைக் கோயில் வாசலில் இருந்து நடக்கத் தொடங்கினோம். டாக்டர் சொல்லின்படி சேருக்குக் காலில் சப்பாத்து, தோளில் மூலைமட்டம். வெயில் ஏற முன்னும் வெயில் தணிந்த பின்னும் நடை. தண்ணீரும் மருந்தும் ஏற்றிக்கொண்டு என் பட்டா பின்னால் ஊர்ந்தது. தள்ளாடி ஊரைத் தாண்டும்போது சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரப் பெடியன் மூலைமட்டத்தைத் தட்டிப் பார்த்து இது என்ன என்று கேட்டான். உயிலங்குளத்தில் ஒரு அம்மா சேரை மறித்து, தச்சு வேலைக்காரருக்கு இப்படியும் நேர்த்தி உண்டோ என்று கேட்டார். சேர் ஒவ்வொருவருக்கும் நின்று முழுக் கதையும் சொன்னார். முதல் நாள் கோபத்தோடு சொன்னார். இரண்டாம் நாள் சிரித்துக்கொண்டு சொன்னார். முருங்கன் தாண்டியபோது, யாரும் கேளாமலே கூப்பிட்டு, பின்னால் வந்த அருளம்மாவைக் காட்டிச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

மடு றோட்டுச் சந்தியில் அவர் தோள் சிவந்திருந்ததைப் பார்த்து எமிலியானுஸ் மூலைமட்டத்தைத் தான் வாங்கப் போனான். அருளம்மா விடவில்லை. “நேர்த்தி அவருடையது” என்றாள். சேரும் தலையாட்டினார். அவள் தன் சேலைத் தலைப்பைக் கிழித்து மடித்து அவர் தோளுக்கும் பலகைக்கும் நடுவில் வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் மடுக் கோயில் வாசலுக்கு வந்தோம். சனம் அலைமோதியது. எங்கள் பதினேழு பேருக்கும் சேருக்கும் நிற்க இடம் விட்டார்கள், மூலைமட்டத்தைப் பார்த்துத்தான். கிறகரி சேர் அதைத் தோளில் இருந்து இறக்கி, மாதாவுக்கு நேரே மணலில் வைத்தார். முழங்காலில் இருந்து எழும்ப நாங்கள் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. எழும்பியதும் அருளம்மாவின் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“அண்டைக்கு வகுப்பில நீ சொன்னது சரிதான் பிள்ளை” என்றார். “அந்த முக்கோணி பார்த்தாலே தெரியும்தான்.”

நாற்பது வருடம் அவள் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுவாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

“நிறுவ வேணும் சேர்” என்றாள். “நிறுவிப்போட்டன்.”