முன்சீப் எழுதிய நற்சான்று

நர்ஸ் படிப்பு மூன்று வருஷம். அதில் சேரும் தகுதியைத் தேடிக்கொள்ளவே என் பெரியம்மா, நூம்பல் தாட்சாயிணிக்கு, ஆறு வருஷம் பிடித்தது.

இருபத்து மூன்று வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள். பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் விதவைகளையும் படிப்புக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் விசாரித்தாள். எட்டாவது தேறியிருக்க வேண்டும். வயது முப்பதைத் தாண்டக்கூடாது. கிராம முன்சீப்பிடம் நடத்தைச் சான்று வேண்டும். அவள் படித்ததோ அஞ்சாவது. குமணன்சாவடி வழியாகத் தினமும் பூந்தமல்லிக்கு நடந்துபோய் ஒரு வாத்தியாரிடம் படித்தாள். பூகோளம் மூன்று தடவை காலை வாரிவிட்டது. புண்ணுக்குக் கட்டுப் போட அமேசான் நதி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய வேண்டுமாம்! 1938இல் ஒருவழியாகத் தேறினாள். முப்பது முடிய இரண்டே மாதம் பாக்கி.

முன்சீப் அய்யாசாமி நல்ல மனுஷர். அதுதான் வினை. அவளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினார்: ‘இந்த அம்மாள் வீட்டுப் படி தாண்டாதவள். அந்நிய ஆடவர் முகம் பாராதவள். பிற ஜாதியாரைத் தொடாதவள்.’ ஆறு வருஷமாக அவள் ரோட்டில் நடந்ததை ஊரே பார்த்திருந்தது, அவர் உட்பட.

ஆஸ்பத்திரி மேட்ரன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“யாரையும் தொடமாட்டாயாமே, எப்படி மருந்து போடுவாய்? எட்டு நாளில் வேறு சான்று கொண்டுவா.”

பெரியம்மா மூச்சிரைக்க முன்சீப்பிடம் ஓடினாள்.

“நைனா, நான் ரோட்டுல போவேன், ஆம்பளைங்க கிட்ட பேசுவேன், யாரா இருந்தாலும் தொடுவேன்னு எழுதிக் குடுங்க.”

“இன்னாம்மா பேசற? அத்த எழுதனா உன் மானம் இன்னா ஆவறது? உன்னப் பத்திக் கெட்டதா எழுத என் கை வராதும்மா.”

எட்டு நாளும் போனாள். எட்டு நாளும் அவர் அசையவில்லை. ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு மோர் கொடுத்து அனுப்பினார். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. அடுத்த வருஷம் மனுப்போடலாம் என்றால் வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

அழுது முடித்து, அதே ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போய் நின்றாள். என்ன படித்திருக்கிறாய், என்ன வயது, நடத்தை எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. நோயாளிகளின் மலஜலம் எடுக்கும் பீங்கானைக் கையில் கொடுத்து, முதல் நாளே ஆண்கள் வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.