ஏணியில் பாதி ஏறியவன்

"செய்யது காக்கா கலாஸ்ணே. நேத்து மவுத்தாயிட்டாக" என்று காக்காவின் ஊர்க்காரன் மீரான் போனில் சொன்னான். அந்தக் 'கலாஸ்' காதில் விழுந்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், காக்கா ஏதோ கப்பலில் ஏறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் அவர் இறந்துவிட்டது உறைத்தது.

எழுபதுகளின் கடைசியில் சவூதியில் ஜுபைல் கேம்பில் இருந்த தமிழ் ஆட்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. எல்லாருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை எண்ணி எழுதுகிற கிளார்க். வெறும் மணலில் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த கரை அது. ஒரு கப்பல் ஐரோப்பாவிலிருந்து இரும்புக் குழாய் கொண்டுவரும். அடுத்தது நம் பக்கத்திலிருந்து அரிசியும் பலகையும். "ரெண்டு கண்டத்துக்கும் நடுவுல என் பென்சிலுதான் நிக்கிது" என்பார். பெருமைக்குக் குறைச்சலே இல்லை.

நான் தூத்துக்குடிக்காரன். துறைமுகத்தில் கப்பல் வேலை பார்க்கிறவனை அங்கே கலாசி என்போம். ஜுபைலுக்கு வந்த ஐந்தாம் நாள், கிரேனுக்கு நான் காட்டிய சைகை தப்பாகிக் குழாய்கள் உருண்டன. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஃபோர்மேன் கையை வீசி, "கலாஸ்! கலாஸ்!" என்று கத்தினார். வேலை முடிந்தது, ஊருக்குப் போ என்று அர்த்தம். எனக்கு எங்கே அரபி தெரியும்? என்னைக் கலாசியாக்கிவிட்டார் என்று குஷியாகி, ஒரு சலாம் வைத்துவிட்டுக் கப்பல் ஏணியில் ஏறத் தொடங்கினேன்.

கீழே ஒரே சிரிப்பு. காக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஃபோர்மேனிடம் போய் அரபியும் இந்தியுமாக ஏதோ பேசினார். பிறகு அண்ணாந்து பார்த்து, "ஏறு தம்பி, ஏறு! மேல ஆள் பத்தலையாம்" என்றார்.

ஏறினேன். எட்டு வருஷம் அந்தக் கப்பல்களில்தான் பிழைப்பு. என் இரண்டு பெண்களும் படித்தது அந்தச் சம்பளத்தில்தான்.

சில மாதம் கழித்து வேறொருவனுக்கு அதே 'கலாஸ்' விழுந்தது. அவன் பெட்டி கட்டுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் ஊரே என்னை வேடிக்கை பார்த்திருக்கிறதே! நேரே காக்காவிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"அன்னைக்கு என்னைய வேலைய விட்டுத்தான தொரத்துனாரு? ஏன் சொல்லல?"

"பாதி ஏணி ஏறிட்டியேப்பா. எறங்குன்னு சொல்ல வாய் வரல."

"ஃபோர்மேன்ட்ட என்ன சொன்னீங்க?"

"இவன் இன்னொரு தப்புப் பண்ணுனா ரெண்டு பேரையும் சேத்து ஊருக்கு அனுப்புங்கன்னேன். போ, போய் வேலயப் பாரு."

அவருக்கு அப்போது ஊரில் நான்கு பிள்ளைகள். என்னைத் தெரிந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

அவருடைய பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை, அந்தப் பென்சில்கூட. தப்பாகக் கேட்கிற இந்தக் காது ஒன்றுதான் மிச்சம். மீரான், நீ இன்னொரு தடவை சொன்னாலும் எனக்கு அப்படித்தான் கேட்கும். காக்கா ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார். கீழே நின்று "ஏறுங்க காக்கா" என்று சொல்ல நான்தான் அங்கே இல்லாமல் போனேன்.