சியாமளா பாட்டில் ஒரு குக்கர் விசில்

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம் அது. எண்பதுகளின் பின்பாதி என்பதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல வரவில்லை. எதற்கும் தேதி குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் பிறகுதான் தொற்றியது. பெருங்களத்தூரில் எங்கள் தெருவுக்குக் கேபிள் ஒயர் வருவதற்கு முன்பு, டிவியில் ஒரே சேனல் மட்டும் இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு தொடர் வந்தது. அதற்கு முறையாக ஒரு பெயர் இருந்தது. எங்கள் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சியாமளா கதை என்றால் போதும்.

வேலைக்குப் போகக் கூடாது என்று சொன்ன கணவனின் வீட்டைவிட்டு சியாமளா ஐந்தாவது வாரமே வெளியேறிவிட்டாள். மொத்தம் பதின்மூன்று வாரம். மிச்ச வாரங்களில் அவள் திரும்பிப் போவாளா, மாட்டாளா என்பதில் தெரு இரண்டுபட்டது. தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு நிற்கும் பெண்கள், லாரி வந்ததைக்கூட கவனிக்காமல் வாதாடினார்கள். போயே ஆகவேண்டும் என்ற கட்சிக்கு என் அம்மா தலைமை. போகக்கூடாது என்ற கட்சியில் சித்தி ஏறக்குறைய தனியாள். தன் வீட்டில் டிவி இல்லாததால் எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கும் பூக்காரம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "அவன் ஒயுங்கா துன்னுட்டு தூங்கிகினு கீறான். இவதான் இளைச்சுப் பூட்டா" என்பது அவர் கண்டுபிடித்துச் சொன்னது.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு தங்கிக்கொண்டு, காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். தினமும் ரயில். சியாமளாவைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள் என்று டிவி நிலையத்துக்குத் தபால் கார்டு போட்டுக்கொண்டிருந்தாள். பதிலில்லை.

தொடரின் தொடக்கப் பாட்டு அவளுக்கு உயிர். கடையில் கேசட் கிடையாது. டேப்ரெக்கார்டரை ஸ்டூலில் ஏற்றி டிவியின் ஸ்பீக்கரை ஒட்டி வைத்துத்தான் பிடிக்கவேண்டும். இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்குவது என் பொறுப்பு. ஃபேனை நிறுத்திவிடுவோம். யாரும் இருமக்கூடாது, அப்பா பேப்பரைப் புரட்டக்கூடாது. எல்லாம் சரியாக அமைந்த ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் சரணம் முடிந்து வீணை தொடங்கும் இடத்தில் சமையலறையிலிருந்து குக்கர் விசிலடித்தது. அடுத்த வாரம் பார்த்தால் விளம்பரத்துக்காகப் பாட்டைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். எனவே எங்களிடம் இருந்த முழுப்பாட்டு குக்கரோடு சேர்ந்ததுதான். நாளடைவில் அது பாட்டிலேயே கலந்துவிட்டது. சித்தி பாடும்போதெல்லாம் அந்த இடத்தில் அவள் நிறுத்துவாள், நான் பல்லிடுக்கில் காற்றை விட்டு விசிலடிப்பேன், பிறகு இரண்டாம் சரணம்.

சியாமளா வீட்டைவிட்டு வந்து இரண்டு மூன்று வாரம் ஆனபோது சித்திக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு நாக்பூரில் உத்தியோகம். அவருடைய அம்மா இருந்தது ஊரப்பாக்கத்தில். கல்யாணம் முடிந்ததும் அவரும் மகனோடு போய்விடுவதாக ஏற்பாடு.

பெண் பார்க்க வருவதற்கு முந்தைய நாள் நான் கேசட்டைப் பென்சிலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மாவும் சித்தியும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாக்பூர்னா வேலைய விடணும்க்கா. நீயே வேண்டாம்னு சொல்லிடேன்."

"வரச் சொல்லிட்டு நாமளே வேண்டாம்னா நல்லாவா இருக்கும்? அப்புறம் உனக்கு வேற எவன் வருவான்? அவங்களா வேண்டாம்னு போனா சரி."

"அவங்களா வேண்டாம்னா, அப்புறம் என்னைத் தொல்லை பண்ண மாட்டியே?"

"மாட்டேன்டி. போய் நாளைக்குப் பாடறதைப் பாடிப் பாரு."

பாட வேண்டியது முருகன் பாட்டு என்று அம்மா முடிவுசெய்திருந்தாள். சித்தியும் அன்று மாலை முழுக்க அதைத்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர்கள் இரண்டே பேர்தான் வந்தார்கள். மாப்பிள்ளை கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, பொண்ணு பாடுமாமே என்றார். சித்தி தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தாள். முருகன் பாட்டில்லை. சியாமளா பாட்டு.

ஏற்றிவைத்த விளக்கைத் தன் கையாலேயே அணைத்துவிட்டு, புகுந்த வீட்டின் வாசலைத் தாண்டும் ஒருத்தியின் பாட்டு அது. நல்ல காரியம் பேசும் இடத்தில் விளக்கை அணை என்ற சொல்லையே யாரும் எடுக்கமாட்டார்கள். அப்பா தரையைப் பார்த்தார். காபி டம்ளரை நீட்டிய அம்மாவின் கை அப்படியே நின்றது. சித்தி மட்டும் ஒரு சுரம் பிசகாமல் பாடினாள். முதல் சரணம் முடிந்தது. வழக்கம்போல நிறுத்தினாள்.

வழக்கம்போல நான் விசிலடித்தேன்.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்றே நினைத்தேன்.

"உங்க வீட்ல குக்கரா? எங்க வீட்ல அந்த எடத்துல நாய் குலைக்கும்" என்றார்.

அவரும் டிவிக்கு முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்துப் பிடித்தவர்தான். அதன்பிறகு பெண் பார்க்க வந்ததையே மறந்துவிட்டார். இரண்டாம் சரணத்தைச் சித்தியோடு சேர்ந்து அவரும் பாடினார். குரல் அவ்வளவு சுகமில்லை. முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"நீ சொல்லும்மா, சியாமளா திரும்பிப் போவாளா?"

சித்தி அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "போக மாட்டா" என்றாள்.

"போவா, போவா. நீ வேணும்னா பாரு. நல்ல பொண்ணு அவ" என்று சித்தியின் கையைத் தட்டிக்கொடுத்தார். மகனிடம் திரும்பி, என்னடா என்றார். உனக்குப் பிடிச்சா சரிம்மா என்றார் அவர். சம்மதத்தை வீட்டுக்குப் போய் எழுதுவதுதான் வழக்கம். அந்த அம்மா அங்கேயே சொல்லிவிட்டார். கிளம்பும்போது என் கன்னத்தைக் கிள்ளி, இந்தக் கல்யாணத்தை முடிச்சுவெச்சதே இவதான் என்றார். இதை வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னேன்.

சித்தி அன்றும் மறுநாளும் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. விசில் கொஞ்சம் சத்தமாகிவிட்டது போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக அடித்துப் பழகினேன்.

கடைசி வாரம் சியாமளா திரும்பிப் போனாள். அணைத்துவிட்டு வந்த விளக்கை அவளே ஏற்றினாள். கணவன் பக்கத்தில் நின்று சிரித்தான். தெருவுக்கு நிம்மதி. "அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டுப் பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டார். சித்தி பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்து, நூலகத்துக்குத் திருப்பித் தரவேண்டிய புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். ராஜினாமா கொடுத்தாகிவிட்டது.

கல்யாணம் முடிந்து நாக்பூர் கிளம்புகிற அன்று, அவள் பெட்டி அடுக்கும்போது நான் ஓடிப்போய்க் கேசட்டைக் கொண்டுவந்து புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். சித்தி அதை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள்.

"வேணாம்டி. அங்கதான் நாய் குலைக்கிற டேப் இருக்கே."

ஒரே பாட்டுக்கு ஒரு வீட்டில் எதற்கு இரண்டு கேசட்? சித்தி சொன்னதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. எங்களுடையதைத் துடைத்து, உறைக்குள் போட்டு, அலமாரியில் வைத்தேன்.